ராரியின் குதிரைமுடித் தோடுகள்: ஓராண்டு அணிந்த பின்

சிலே நாட்டின் தலைநகரான சாந்தியாகோவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே, மௌலே பகுதியில் ராரி என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ப் பெண்கள் குதிரையின் வால்முடிக்குச் சாயமேற்றிக் கைவிரலாலேயே முடையும் அணிகளுக்காக, உலகக் கைவினை மன்றம் 2015-இல் ராரியை உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. வேலையாக அந்நாட்டுக்குச் சென்ற என் தங்கை, 925 வெள்ளிக் (ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி) கொக்கியில் தொங்கும் சிவப்புப் பட்டாம்பூச்சித் தோடு ஒரு சோடி வாங்கி வந்தாள்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. முற்காலத்தில் நெட்டிலிங்கம் போல உயர்ந்து வளரும் பாப்லர் மரத்தின் வேர்நாரில் தொடங்கிய கலை இது. இப்போது மெக்சிக்கோவிலிருந்து வரும் கற்றாழை இனத்து நாரைப் பாவாகவும் (நெடுக்கிழை) முடியை ஊடையாகவும் (குறுக்கிழை) கொண்டு முடைகிறார்கள். இறக்கையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவு இடைவெளிகள் வரிசை பிசகாமல் தெரிகின்றன. காதில் எடையே தெரிவதில்லை. பார்ப்பவர்கள் யானைமுடியா என்று கேட்கிறார்கள். யானைமுடி மோதிரம் விற்பது நம் நாட்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், குதிரைமுடிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சிக்கல் பராமரிப்பில்தான். ஆறு மாதத்தில் கொக்கி கறுத்தது. விற்றவர் கொடுத்த சீட்டில், வெள்ளி துலக்கும் திரவத்தில் முக்கி எடுக்கலாம் என்று ஒரே வரி இருந்ததை நம்பி, தோட்டை அப்படியே முக்கினேன். வெள்ளி பளிச்சென்று வந்தது. திரவமோ ரோஜா நிறமாயிற்று, ஒரு இறக்கையின் ஓரம் வெளிறிச் சுருண்டது. வெள்ளியின் மேல் படிவது கந்தகத்தோடு சேர்ந்த கறுப்புப் படலம். அதைக் கரைப்பதற்கான அமிலக் கரைசலுக்கும் முடிக்கும் ஒத்துப்போகாது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் இட்ட வெந்நீர் முறையும் ஆகாது, ஏனெனில் முடி நம் தலைமுடியைப் போலக் கெரட்டின் என்னும் புரதம், காரம் பட்டால் நலியும். குத்துவிளக்குத் துலக்கும் விபூதியும் வேண்டாம். அதன் துகள் இழைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எடுக்க வழியில்லை.

நல்லவேளையாக, கொக்கியையும் பட்டாம்பூச்சியையும் இணைக்கும் வளையம் பற்றவைக்கப்படாதது. சிறு குறடால் அதைப் பக்கவாட்டில் திருகித் திறந்து (இழுத்து அகட்டினால் வட்டம் கெடும்), கொக்கியைத் தனியே எடுத்து வெள்ளிக்கான மெருகுத் துணியால் தேய்க்கிறேன். முடிப் பகுதிக்கு முகப்பூச்சுத் தூரிகை ஒன்றே போதும், அதுவும் உலர்ந்தபடியே. சுருண்ட ஓரத்தை ஈரவிரலால் நீவி, அடியில் பஞ்சு வைத்து நிழலில் உலர்த்தினேன்; வடிவம் ஓரளவு திரும்பியது, நிறம் திரும்பவில்லை.

வாசனைத் திரவியமும் எண்ணெயும் பூசி முடித்த பிறகே அணிய வேண்டும். கம்பளியைத் தின்னும் பூச்சிகளுக்கு முடியும் உணவுதான் என்பதால், மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன். சோடியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைப்பவர்கள் அதை நிறுத்துவது நல்லது. ரப்பரில் உள்ள கந்தகமே வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம்; ஆனால் வளையம் திறக்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். பற்றவைத்த சோடி எவ்வளவு அழகாக இருந்தாலும், கொக்கி கறுக்கும் நாளில் முடியைக் காப்பது பெரும்பாடாகிவிடும். தங்கை மறுபடி அங்கே போகிறாள். இம்முறை சாயமே ஏற்றாத கறுப்பு முடியில் ஒரு சோடி கேட்டிருக்கிறேன்.