அக்கிக்கு ஹிப்னாடிசம்: 18,500 ரூபாய் போச்சு

இன்று காலை அந்த ஹிப்னாடிசச் சிகிச்சை மையத்தார் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தக் கடுப்பிலேயே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. போன மாதம் வலது விலாவில் வரிசையாகக் கொப்புளம். அக்கி. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்து கிடந்து, உடம்பு தளரும்போது கிளம்புவது. தோல் டாக்டர் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதினார், தினம் ஐந்து வேளை, ஏழு நாள். ஆனால் எரிச்சல்? சேலை பட்டாலே துடித்தார், தூக்கமே இல்லை.

அப்போதுதான் ஃபோனில் அந்த ஹிப்னோதெரபி மைய விளம்பரம். "மருந்தோடு சேர்த்துச் செய்யும் துணைச் சிகிச்சை" என்றார்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவன்தானே போலி, இவர்கள் அப்படியில்லையே என்று நம்பினேன். ஐந்து அமர்வுக்கு 18,500 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே ஜிபேயில்.

முதல் நாள் ஏசி அறை, மெல்லிய குரல், "உங்கள் விலாவில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது..." எழுந்ததும் அம்மா, "எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்குடா" என்றார். அதில் நான் கவிழ்ந்துவிட்டேன். வலியைத் தாங்க ஹிப்னாடிசம் சிலருக்கு உதவும், அது பொய்யில்லை. வைரஸுக்குக் காது ஏது?

மறுநாள் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அம்மாவிடம் ஓதியிருக்கிறார்கள்: ஆழ்மனமே கிருமியை விரட்டும், மாத்திரை அதற்குக் குறுக்கே நிற்கும். அம்மா நிறுத்திவிட்டார். மூன்று நாள் கழித்து மாத்திரை டப்பாவைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. டாக்டர் திட்டிய திட்டு இருக்கிறதே! கொப்புளம் காய்ந்துவிட்டது, நரம்பு வலி போகவில்லை. ஒழுங்காக மாத்திரை போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு மனசு ஆறவில்லை.

இரண்டு அமர்வுதான் நடந்தது, மீதிப் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "சார் மீட்டிங்கில் இருக்கார்." அப்புறம், "உங்கம்மா நம்பிக்கையோட உட்காரலை." அப்புறம் நீல டிக் மட்டும். ரசீதை எடுத்துப் பார்த்தால் "மனவளப் பயிற்சிக் கட்டணம்" என்றிருக்கிறது. சிகிச்சை என்ற சொல்லே இல்லை. 18,500 ரூபாய்க்கு!

"பானை செய்யற வேளார்கிட்ட போய் அக்கி மேல காவி குழைச்சு எழுதியிருந்தா வெத்தலை பாக்கோட போயிருக்கும்" என்கிறார் அம்மா. அதுவும் மருந்தில்லைதான். அந்த வேளாராவது மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, உங்களுக்கு: பணம் கட்டுமுன் ரசீதில் என்ன போடுவார்கள் என்று கேளுங்கள். பெரியவர்களைத் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள். மாத்திரையைத் தினமும் எண்ணுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இப்போது அதற்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.