கல்லடி மணலுக்கு எந்த அமெரிக்கன் புட்போல் பந்து?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடற்கரையில் ஆடத்தான் பந்து என்றால் கொம்போசிட், அதாவது செயற்கைத் தோல் பந்து வாங்குங்கள். அசல் தோல் பந்து மட்டக்களப்பின் உப்புக்காற்றுக்குச் சரிவராது. றப்பர் பந்து சின்னப் பிள்ளைகளுக்குப் போதும்.

கடையில் கேட்டால் பலவேளை றக்பி பந்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நீளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 28 செ.மீ. அளவில். வித்தியாசம் நடுப்பகுதியில். பெரியவர்களுக்கான றக்பி பந்தின் நடுச்சுற்றளவு 58 முதல் 62 செ.மீ. வரை, அமெரிக்கன் புட்போலுக்கு 53, 54 தான். ஒற்றைக் கையால் சுழற்றி எறிய முடிவது இந்த மெலிவால். தையல்காரரின் அளவுநாடாவைக் கொண்டுபோய்க் கடையிலேயே சுற்றிப் பாருங்கள். பந்தின் மேலே விரல் பிடிக்கும் லேஸ், அதாவது கயிற்றுப் பின்னல் இல்லாவிட்டால் அளக்கவே தேவையில்லை, வைத்துவிட்டு வாருங்கள்.

ஆரம்பத்தில் இந்தப் பந்தும் பருமனாகத்தான் இருந்தது. பந்தை முன்னோக்கி எறிய 1906இல் விதி இடம்கொடுத்தது. எறிதல் பெருகப் பெருக 1930களில் பந்து இன்றைய அளவுக்கு ஒடுங்கியது. அதற்கு இடைப்பட்ட காலத்தில்தான் அரைத் தொழில்முறை அணிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. கிழமை நாட்களில் வேலை, ஞாயிறு ஆட்டம். 1919இல் கிறீன் பே நகரில் கேர்லி லாம்போ தொடங்கிய அணிக்கு, அவர் வேலை செய்த இறைச்சி அடைக்கும் கம்பனி சீருடைக்கும் சாமான்களுக்கும் 500 டொலர் கொடுத்தது. அந்த அணியின் பக்கர்ஸ் என்ற பெயரே அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். டெக்கேற்றர் நகரின் மாப்பொருள் ஆலை முதலாளி ஸ்டேலி இன்னும் ஒரு படி மேலே போனார்: ஆட்டக்காரருக்கு ஆலையிலேயே வேலை, சம்பள நேரத்திலேயே பயிற்சி. அந்த அணி 1921இல் சிக்காகோவுக்குப் போய், அடுத்த வருடம் பெயார்ஸ் ஆனது. கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற ஊர்க்காரர் ஜேர்சி அடித்துக் கொடுக்கிற எங்கள் கழகங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே விளங்கும்.

அமெரிக்க விளையாட்டும் இங்கே புதிதில்லை. நியூ ஓர்லியன்சிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்தெடுத்தார்கள். வெபர் மைதானத்தின் பெயரும் அவர்களில் ஒருவருடையது. இந்தப் பந்துதான் ஒட்டவில்லை. 2012இல் இந்தியாவின் எலிற் புட்போல் லீக்கில் கொழும்பு லயன்ஸ் என்று ஓர் இலங்கை அணி இருந்தது, ஆனால் அந்த லீக்கே நிலைக்கவில்லை.

இனி மூன்று வகைக்கும் வருவோம். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களுக்கு ஒஹாயோவின் ஏடா ஊரில் வில்சன் கம்பனி தயாரிக்கும் பந்து மாட்டுத்தோல். பிடி அருமையாக இருக்கும். ஆனால் தோல் நீரை உறிஞ்சும், உறிஞ்சினால் பாரமாகும், வெயிலில் காயவைத்தால் விறைத்து வெடிக்கும். மாரி காலத்திலும் அலையோரத்திலும் அந்தக் காசு வீண். றப்பருக்கு நீர் பிரச்சினையில்லை. நனைந்தால் வழுக்கும், லேசும் பெரும்பாலும் அச்சில் வார்த்ததாக இருப்பதால் விரலுக்குப் பிடிகொடுக்காது. கொம்போசிட் நடுவில் நிற்கிறது: செயற்கைத் தோல், உண்மையான லேஸ், ஓரளவு நீர் தாங்கும். அதன் பலவீனம் லேஸுக்குப் பக்கத்துத் தையல். உப்பும் மணலும் அங்கே தங்கி ஓரத்தைக் கிளப்பிவிடும். ஆடி முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் வையுங்கள்.

காற்றுதான் அதிகம் பிழைக்கிற இடம். என்எஃப்எல் விதிப்படி காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ, கொம்போசிட்டில் வால்வுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சைக்கிள் கடைக் கொம்பிறெசரில் அடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும், பந்து உருண்டு பருத்துவிடும். கைப்பம்பும் சின்ன கேஜும் போதும். ஊசியை ஈரமாக்காமல் செருகினால் வால்வு உள்ளே போய்விடும். ஒரு துளி கிளிசரின் நல்லது. காலையில் 25 பாகையில் 13 பிஎஸ்ஐ அடித்த பந்து, கச்சான் வீசும் மத்தியானத்தில் 45 பாகை மணலில் கிடந்தால் கிட்டத்தட்ட 15 காட்டும். ஆகவே ஆடுமிடத்தில் வைத்தே அளவுபாருங்கள். 2015இல் அமெரிக்காவில் பெரிய வழக்காகிய காற்றுக் குறைந்த பந்து விவகாரத்தில் குளிரைக் காரணம் சொன்னார்கள், எங்களுக்கு எதிர்ப்பக்கம்.

அளவு விடயத்தில் வீறாப்பு வேண்டாம். 14 வயதுக்கு மேல் முழு அளவு, 12 முதல் 14 வரை யூத், அதற்குக் கீழே ஜூனியர். கை சின்னது என்றால் பெரியவர்களும் யூத் எடுக்கலாம், எறிதல் பழக அதுவே சுகம்.

தலைக்கவசமும் தோள்கவசமும் இந்த வெக்கைக்குத் தேவையில்லை. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்திருப்பது ஐவர் ஆடும் பிளாக் (flag) புட்போல்: இடுப்புப் பட்டியிலுள்ள துணியைப் பறித்தால் ஆட்டக்காரர் நிறுத்தப்பட்டதாகக் கணக்கு. மைதானம் 50க்கு 25 யார், இரு முனையிலும் 10 யார் கூடுதல். மீற்றரில் 64க்கு 23 அளவு. கல்லடியில் தாராளமாகக் கோடு கீறலாம். பட்டி வாங்கும்போது வெல்குரோ வகையைத் தவிருங்கள், மணல் புகுந்தால் இரண்டே நாளில் பிடிக்காது. இழுத்தால் டப்பென்று கழலும் பிளாஸ்டிக் கொளுவி வகை கொஞ்சம் விலை கூட, ஆனால் தண்ணீரில் அலசினால் மணல் போய்விடும். பத்துப் பேருக்குப் பத்துப் பட்டி வாங்குகிறவர்கள் துணியை மட்டும் நாலைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.