பதினான்கு நாட்டு விதை உறைகள்: சாப்பிட்டுப் பார்த்த பிறகு

விதை வாங்கிக் கருத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை முளைத்தது, எத்தனை கிலோ காய்த்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காய் சட்டியில் வெந்து இலைக்கு வந்தபின் எப்படி இருந்தது என்று எவரும் சொல்வதில்லை. எனக்கோ அது ஒன்றுதான் கணக்கு. மதுரை திருநகர் வீட்டின் கொல்லையில் ஒன்றரை சென்ட் மண்ணும், மொட்டைமாடியில் 22 குரோ பேக்குகளும் வைத்திருப்பது செடி வளர்க்கும் ஆசையால் அன்று. மாட்டுத்தாவணி சந்தையில் கிடைக்காத சில சுவைகளை விட்டுவிட மனமில்லாததால்தான். ஆகவே சென்ற ஆண்டு தை மாதம் நான் வாங்கிய நாட்டு விதைத் தொகுப்பைப் பற்றி, அதன் காய்களையெல்லாம் சமைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, இப்போது எழுதுகிறேன்.

விற்பவர்கள் மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வீட்டிலிருந்தே விதை சேகரித்து விற்கும் ஒரு குடும்பத்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம்; அவர்களிடம் இருக்கும் கையிருப்பு நூறு பேர் கேட்டால் தீர்ந்துவிடும் என்பது இன்னொரு காரணம், அதில் என் சுயநலமும் இருக்கிறது. 14 உறைகளுக்கு 420 ரூபாயும், கூரியருக்கு 60 ரூபாயும் ஆனது. பழுப்புக் காகித உறைகளின் மேல் பந்துமுனைப் பேனாவால் காயின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. கத்தரி விதை உறையைப் பிரித்தபோது விரலில் சாம்பல் ஒட்டியது. பூசணி விதைகளோ காய்ந்த சாண வறட்டிக்குள் பதித்தபடியே வந்திருந்தன. பாட்டி வீட்டுச் சுவரில் அப்படித் தட்டி வைத்த வறட்டியைப் பார்த்து நாற்பது ஆண்டுகள் இருக்கும். வண்டு விழாமல் விதை காக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

முன்கூட்டியே என் நாக்கின் சார்புகளை ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம். எனக்குக் கசப்பு பிடிக்கும். புளிப்பு அதைவிடப் பிடிக்கும். காய் என்றால் பல்லுக்குக் கொஞ்சமாவது வேலை வைக்க வேண்டும். பாகற்காயில் வெல்லம் போடுவதை நான் ஏற்பதில்லை. என் மனைவி போடாமல் சமைப்பதில்லை. ஆதலால் எங்கள் வீட்டில் பாகற்காய் சமைக்கும் நாளில் இரண்டு வாணலி அடுப்பில் ஏறும். இந்தச் சார்புகள் ஒத்துவராதவர்கள் கீழே நான் சொல்லும் புகழ்ச்சிகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

முளைப்புத் திறனை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வெண்டை 12 ஊன்றியதில் 10 வந்தது. தக்காளி, கத்தரி, தண்டுக்கீரை, மணத்தக்காளி ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாகலும் புடலும் தோல் தடித்த விதைகள் என்பதால் ஓர் இரவு ஊறவைத்துத்தான் ஊன்றினேன். பாதிக்கு மேல் முளைத்தன. கொத்தவரை முளைத்தது, ஆனால் மாடியில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் சரியாக அலசாத கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) சேர்ந்து இலை நுனியைக் கருக்கிவிட்டன. அது விதையின் குற்றமில்லை. கோகோபீட்டை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த பிறகு அந்தத் தொல்லை நின்றது.

முதலில் சமையலறைக்கு வந்தது வெண்டை, 45 நாளில். வெளிர்பச்சையில், ஏறக்குறைய வெள்ளையாக, பருத்துக் குட்டையாகக் காய்த்தது. பூ விரிந்த ஐந்தாம் நாள் பறித்தால் நுனி ‘டக்’கென்று ஒடியும், எட்டாம் நாள் பறித்தால் கத்திக்கே வணங்காது. கடைக் காயில் இந்தத் தேர்வை நடத்தினால் கடைக்காரர் முறைப்பார், சொந்தச் செடியில் யாரும் கேட்பதில்லை. வதக்கலுக்கு இந்த ரகம் சுமார்தான், சதை கனமாதலால் மொறுமொறுப்பு வராது. மோர்க்குழம்பில் முழுதாகப் போட்டால்தான் அதன் அருமை தெரிகிறது. வழுவழுப்பு குழம்புக்குள் கரைந்து, காய் மட்டும் வெண்ணெய் போல நிற்கிறது. வாரம் இருமுறை ஒரு கைப்பிடி கிடைத்தது. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு செடி போதாது, பத்தாவது வேண்டும்.

தக்காளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய தோல், நீர் நிறைந்த சதை, கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு. ரசத்துக்குப் புளியே வேண்டாம். ஆனால் பறித்த மூன்றாம் நாள் தளர்ந்துவிடும். ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியேறி வரும் கலப்பினக் காய்க்கு அந்தத் தடித்த தோல் எதற்காக என்பது அப்போது புரிந்தது. வெயில் 100 டிகிரியைத் தாண்டிய சித்திரை, வைகாசியில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. இரவிலும் வெக்கை தணியாத ஊரில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காது. அதற்காக எவரையும் நோவதற்கில்லை.

கத்தரிக்குத்தான் நான் அதிக நாள் காத்திருந்தேன். வரிக் கத்தரி, எலுமிச்சை அளவு, காம்பில் முள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நான்காகக் கீறி, காம்பை விடாமல், நல்லெண்ணெயில் சிறுதீயில் மூடி வைத்தால், தோல் சுருங்கும் நேரத்தில் உள்சதை கூழாகிவிடுகிறது. விதை பல்லில் தட்டுவதில்லை. இரண்டு நாள் தாமதித்துப் பறித்தால் விதை முற்றிக் கமறுகிறது. மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் இந்த ஒன்றுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண்ணைத் துளைப்பான் புழு தின்றுவிட்டது. குருத்து தலை சாய்ந்து வாடியிருப்பதைக் கண்டதும் ஓர் அங்குலம் கீழே கிள்ளி எறிந்துவிட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் மாதத்தில் பாதிக் காயை அதற்குத் தானம் செய்தேன்.

புடலில் ஒரு சங்கதி இருக்கிறது. தொகுப்பில் வந்தது குட்டையான பன்றிப் புடல். மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு. 1 புடல், இந்தப் பன்றிப் புடலையும் மேலூர்ப் பக்கத்துத் தனியாமங்கலத்து ரகம் ஒன்றையும் கலந்து உருவாக்கியது என்பதால், அந்தக் கலப்பினத்தின் தாய்வீட்டைப் பார்க்கும் ஆவல் எனக்கு இருந்தது. பந்தலில் பூ பூப்பது அந்தி சாய்ந்த பிறகு. ஓரமெல்லாம் வெள்ளை நூல் பிரிந்த அந்தப் பூவுக்கு விட்டில்கள்தாம் விருந்தாளிகள். பச்சையாக நறுக்கும்போது எழும் வாடை பலருக்குப் பிடிக்காது, என் மகள் அடுக்களையை விட்டே போய்விட்டாள். பாசிப்பருப்போடு கூட்டு வைத்துத் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால் அந்த வாடையே மணமாக மாறுகிறது. நீளப் புடலில் இந்தக் குணம் எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

இனிக் குறைகள். முதலாவது, சுரைக்காய். பந்தலில் ஏறிய இரண்டு கொடிகளில் ஒன்றின் காய் வாயில் வைக்க முடியாத கசப்பு. கசப்பை விரும்புகிறவன்தானே என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். பாகலின் கசப்பு வேறு, சுரையின் கசப்பு வேறு. சுரைக்காய் கசந்தால் அதில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்பு நச்சு மிகுந்துவிட்டது என்று பொருள். வேகவைத்தாலும் அது போகாது, சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு மருத்துவமனையில் சேரும் அளவுக்கும் கொண்டுபோகும். சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும் பழக்கம் என் அம்மா சொல்லிக் கொடுத்தது, அன்று அது காப்பாற்றியது. சுரை, பூசணி, பாகல் போன்றவற்றில் வண்டும் தேனீயும் விட்டிலும் எங்கெங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவரும். விதைக்கு விடும் பூவை விரிவதற்கு முதல் நாளே நூலால் கட்டி, கையால் மகரந்தம் தொட்டுவைத்து, மறுபடி கட்டிவிட வேண்டும். அதைச் செய்யாமல் எடுத்த விதையை விற்பது சரியில்லை. தொலைபேசியில் சொன்னபோது விதை விற்ற அம்மாள் மறுக்கவில்லை. “பக்கத்துத் தோட்டத்துல குடுவைச் சுரை கெடக்கு தம்பி, அதுதான் கலந்துருக்கும். அந்தக் கொடியை வேரோட புடுங்கிருங்க” என்றார். பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். உறை 30 ரூபாய், வேண்டாம் என்றேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. எந்த உறையிலும் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், எழுதவில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று வாய்க்கு வாய் சொல்கிற ஊரில் இது பொறுக்கக்கூடிய பிழை அன்று. நான் கோழி அவரையைத் தை மாதத்திலேயே ஊன்றிவிட்டேன். கொடி மாடிப்படிக் கம்பியெல்லாம் சுற்றிக்கொண்டு, கிணற்றடி வரை இறங்கி, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இலை விட்டதே தவிர ஐந்து மாதத்தில் ஒரு பூ இல்லை. மறுபடி அழைத்தேன்.

“அக்கா, அவரை பூக்கவே மாட்டேங்குதே.”

“எப்ப போட்டீங்க?”

“தையில.”

“அட, தம்பி! அது பகல் குறைஞ்சாத்தான் பூக்கும். ஆடியில போட்டா கார்த்திகையில பூ எடுக்கும். தையில போட்டா ஆட்டுக்குத்தான் ஆகும்.”

நாட்டு அவரை குறும்பகல் பயிர் என்பது உழவர்களுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் 480 ரூபாய் கொடுத்து விதை வாங்கும் நகரத்துக்காரனுக்கு அதை உறையின் மேல் ஒரு வரியில் எழுதிவிட்டால் என்ன? ஆடியில் மீண்டும் ஊன்றினேன். கார்த்திகையில் ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வந்தது, கூடவே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்தது. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்ததில் அடங்கியது. அந்த அவரைக்காயின் சுவையை நினைத்தால் கோபம் குறைகிறது. அகன்ற காய், உள்ளே கொட்டை லேசாகத் திரண்டிருக்கும் பருவம், நரம்பை உரித்து இரண்டாக ஒடித்து, வரிக் கத்தரியோடு சேர்த்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் போட்டு, மறுநாள் காலை பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன். கருவாட்டின் உப்பை அந்தத் தோல் முழுக்க இழுத்து வைத்துக்கொள்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் வெறும் புளிக்குழம்பில் போட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் இழப்புதான்.

தொகுப்பின் பதினான்காவது உறையில் விதையே இல்லை. மூன்று சிறு கிழங்குகள் இருந்தன, அதலைக்கிழங்கு. இதற்காகத்தான் நான் அவர்களைத் தேடிப் போனேன். மதுரையிலும் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தானாகக் கொடியோடும் அதலக்காய், சென்னைக்குப் போனால் பெயர் சொல்லியும் விளங்காது. சுண்டுவிரல் நுனி அளவு, இரு முனையும் கூர்ந்து, வரிவரியாக இருக்கும். காலையில் பறித்ததை அன்றைக்கே சமைத்தாக வேண்டும். மறுநாள் பார்த்தால் கூடையிலேயே வெடித்துக் கிடக்கும். அதனால்தான் அது பெரிய சந்தைகளுக்கு வருவதில்லை, தெருவோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளிடம் மட்டும் கிடைக்கிறது. கரிசல் மண் ஒரு சாக்கு வாங்கிவந்து தொட்டியில் நட்டேன். மழை வரும்வரை அசையவில்லை. வந்த பத்தாம் நாள் கொடி எட்டிப் பார்த்தது, கார்த்திகை முழுக்கக் காய்த்தது. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் வதக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு இறக்கினால், பாகலைவிட மென்மையான, பின்னால் மெல்ல வந்து நாக்கில் தங்குகிற ஒரு கசப்பு. என் மனைவி வெல்லம் கேட்கவில்லை.

ஆக, கத்தரி, அவரை, பன்றிப் புடல், அதலை ஆகிய நான்கையும் மீண்டும் வாங்குவேன். சுரையை வாங்க மாட்டேன். கீரை விதை எங்கும் கிடைக்கும். வாங்குகிறவர்கள் ஒவ்வொரு உறைக்கும் எந்த மாதம் ஊன்றுவது என்று தொலைபேசியில் கேட்டு, உறையின் மேல் தாங்களே எழுதிவைத்துக்கொள்ளட்டும். அதலைக்கு இன்னொன்றும் உண்டு. தை பிறந்ததும் கொடி காய்ந்து செத்ததுபோல் ஆகிவிடும், கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அது வெறும் மண் என்று நினைத்து என் தொட்டியைத் தெருவில் கொட்டிவிட்டார். மறுபடி மூன்று கிழங்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒன்று பதினைந்து ரூபாய் என்றார் அந்த அம்மாள், ஆடிக்கு முன் தோண்ட முடியாது என்றும் சொல்லிவிட்டார்.