353 சென்டிமீட்டர் கயிறு: கீழடி அருங்காட்சியகத்தோடு மூன்று ஆண்டுகள்

மதுரை மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். வைகைக் கரையில் கீழடியில் நடந்த அகழாய்வில் கிடைத்த பொருள்களை வைத்திருக்கும் கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். அதற்குப் பிறகு இரண்டு முறை போயிருக்கிறோம். மூன்று பயணங்களிலும், நடுவில் வகுப்பறையிலும் எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன். இந்த ஆண்டு சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர் யாருக்காவது பயன்படட்டும்.

முதல் பயணம் சரியாக அமையவில்லை. 64 பிள்ளைகள், இரண்டு வேன். ஆறு காட்சிக்கூடங்களையும் ஒன்றரை மணி நேரத்தில் பார்க்க வைத்தேன். "எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க" என்று வேறு சொல்லியிருந்தேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து விளக்கப் பலகைகளை நகலெடுத்தார்கள், நிமிர்ந்து பொருளைப் பார்க்கவே இல்லை. மறுநாள் வகுப்பில் கேட்டபோது செட்டிநாட்டு வீடு போன்ற அந்தக் கட்டடமும் அதன் தூண்களும் நினைவில் இருந்தன. பானைகளைப் பற்றி ஒருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. தயார்படுத்தாமல் கூட்டிப் போன தவறு என்னுடையது.

அப்புறம்தான் மற்ற நாடுகளில் ஆசிரியர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நூறு பொருள்களை வைத்து வரலாறு கற்பிப்பதற்கென்றே ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் படம், பின்னணி, வகுப்பில் என்ன செய்யலாம் என்ற யோசனை எல்லாம் இலவசம். ஆனால் அது இங்கிலாந்துப் பாடத்திட்டத்துக்குத் தைத்த சட்டை. எனக்கு அதிகம் கைகொடுத்தது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ஒரு பயிற்சித்தாள். நான்கே படிகள்: பொருளை அறிமுகம் செய்துகொள், அதன் பகுதிகளைக் கவனி, அது என்னவாக இருக்கும் என்று யோசி, அதைச் சான்றாக வைத்து அந்தக் காலத்து மக்களைப் பற்றிச் சொல். அதைத் தமிழில் எழுதி அரைப் பக்கமாகச் சுருக்கிக்கொண்டேன். மூன்று ஆண்டுகளாக ஓடுவது அந்த அரைப் பக்கம்தான். முதல் இரண்டு படிகளில் பொருளின் பெயரையே சொல்லக்கூடாது என்பது நான் சேர்த்த விதி. பெயர் தெரிந்த மறுநிமிடம் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

தமிழிலேயே கிடைப்பவற்றில் முதலிடம் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி நூலுக்கு. வண்ணப் படங்களோடு இருக்கிறது, பிடிஎஃப் இலவசம். எங்கள் கயிறு பிறந்தது அந்த நூலிலிருந்துதான். கரிமக் காலக்கணிப்புக்காக, அதாவது பழைய கரி போன்றவற்றின் வயதைக் கண்டறிய, அகழாய்வுக் குழியில் எடுத்த மாதிரிகளை அமெரிக்காவில் மியாமியில் உள்ள ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று வந்தது. 200 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205.

கரும்பலகையில் எழுதிப் போட்டால் இதெல்லாம் வெறும் எண். இரண்டாம் ஆண்டு ஒரு சணல் கயிறு வாங்கி 200இலும் 353இலும் முடிச்சுப் போட்டு, மாடி வராந்தாவிலிருந்து கீழே தொங்கவிட்டோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "இம்புட்டு ஆழத்துலயா மிஸ் இருந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டு முடிச்சுக்கும் நடுவே 153 சென்டிமீட்டர், 375 ஆண்டுகள். ஒரு சென்டிமீட்டர் மண் சேர எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுவிட்டு, "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரியா மண்ணு சேரும்?" என்று ஒரு பையன் மடக்கினான். சேராது. வெள்ளம் வந்தால் ஒரே நாளில் நிறையச் சேரும். அங்கிருந்து வைகைக்குப் போனோம், மண்ணடுக்குக்குப் போனோம். அந்த ஒரு பீரியடு மூன்று பீரியடாக நீண்டது.

அந்த ஆண்டுப் பயணத்தில் மூன்றே பொருள்களைத் தேர்ந்தெடுத்தோம்: எழுத்துப் பொறித்த பானை ஓடு, நூல் நூற்கும் தக்களி, விளையாட்டுக்கான வட்டச் சில்லு. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒவ்வொரு பொருளின் முன்னும் இருபது நிமிடம். மற்றதையெல்லாம் கடைசியில் அவரவர் விருப்பம்போல் பார்க்கலாம். சில்லின் முன் நின்ற பெண்களுக்கு அரைப்பக்கத் தாளே தேவைப்படவில்லை. உடைந்த ஓட்டின் விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கியிருந்ததைப் பார்த்ததும், அவர்களே பாண்டி ஆட ஓட்டை உரசும் விதத்தைச் செய்து காட்டினார்கள். பக்கத்தில் நின்றிருந்த வேறு ஊர்க் குடும்பம் ஒன்று அவர்களிடம் விளக்கம் கேட்டது.

எழுத்து ஓடுகளிடம்தான் அதிக நேரம் போனது. ஆதன், குவிரன் என்ற பெயர்கள் இருக்கின்றன. எழுத்து ஒரே கையால் எழுதியதாக இல்லை, ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. பானை செய்தவரே எல்லாவற்றையும் எழுதவில்லை, வாங்கி வைத்திருந்தவர்கள் அவரவர் பெயரைக் கீறிக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். "நம்ம சில்வர் குடத்துல பேரு வெட்டுற மாதிரி" என்றான் ஒருவன். எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இனி நாங்கள் வகுப்புக்காகச் சேர்த்த பொருள் பெட்டியைப் பற்றி. இங்கிலாந்தின் ரெடிங் அருங்காட்சியகம் 1911இலிருந்து பள்ளிகளுக்குப் பொருள்களைப் பெட்டியில் போட்டு இரவல் தருகிறது. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். இதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் தொட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். மானாமதுரையில் ஒரு மண்பாண்டக் குடும்பத்திடம் போய் உடைந்த புதுப் பானைகளும், களிமண் தக்களி நான்கும் வாங்கி வந்தேன். கருப்பு சிவப்புப் பானை எப்படி வருகிறது என்று அந்த அம்மா சொல்லித் தந்தார்: பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது, உள்பக்கம் கருக்கும், வெளியே சிவக்கும். இப்போது பெட்டியில் ஓடுகள், தக்களி, சில்லுகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தின் அட்டவணை, முடிச்சுப் போட்ட கயிறு எல்லாம் இருக்கின்றன. வயலில் கிடைத்த பழைய ஓடு எதையும் இதில் சேர்ப்பதில்லை. அது கிடந்த இடத்திலேயே இருந்தால்தான் அதற்கு அர்த்தம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கயிற்றை வைத்தே சொல்லிவிடலாம்.

எல்லா இடத்திலும் நல்ல அனுபவம் இல்லை. வேறு மாவட்டத்தில் ஒரு அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, போனிலும் உறுதி செய்துகொண்டு போனோம். போய்ச் சேர்ந்தபோது பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. விளக்கம் சொல்ல ஆள் இல்லை. பலகைகள் பெரியவர்களின் கண் உயரத்தில் இருந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எக்கி எக்கிப் பார்த்துவிட்டுக் களைத்துப்போனார்கள். வேன் வாடகைக்குப் பெற்றோர் கொடுத்த பணம் ஒரு நாள் கூலியில் பாதி. அதனால் அந்த நாள் எனக்கு இன்னும் வலிக்கிறது. இப்போதெல்லாம் பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் ஒரு சனிக்கிழமை நான் தனியாகப் போய்ப் பார்த்துவிடுகிறேன். எந்தக் கூடத்தில் பத்துப் பேர் நிற்க இடம் இருக்கிறது, கழிப்பறையும் குடிநீரும் எங்கே, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க நிழல் எங்கே என்று பார்த்து எழுதிக்கொள்வேன். முடிந்தால் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

போய் வந்த மறுநாள் ஒரு பீரியடைக் கட்டாயம் ஒதுக்குங்கள். நான் கேட்பது ஒரே கேள்வி: நம் வீட்டில் இன்று இருப்பதில் எது 2,600 ஆண்டு கழித்து மண்ணுக்குள் கிடைக்கும்? போன ஆண்டு பதில்களில் மிக்ஸி ஜார், பிளாஸ்டிக் குடம், பாட்டி காதில் போடும் தண்டட்டி எல்லாம் வந்தன. தண்டட்டி என்று எழுதிய பெண், பாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டு நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

எந்த அருங்காட்சியகமாக இருந்தாலும் ஆசிரியராக எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பயணத்துக்கு முன் வகுப்பில் காட்டப் பத்துப் படம், தமிழில் ஒரு பக்கக் கேள்வித்தாள், கையில் எடுத்துப் பார்க்க நான்கு நகல் பொருள். பெட்டி ரெடிங்கில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று இருக்கலாம். எங்கள் பெட்டி இப்போது பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறது, பொங்கல் விடுமுறை முடிந்ததும் திரும்பி வரும். அந்தப் பள்ளிக்கு மாடி இல்லை. கயிற்றைத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து தொங்கவிட்டதாக அந்த ஆசிரியர் படம் அனுப்பியிருக்கிறார்.