பாஸ்போர்ட்டுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டப் போகும் ஏற்காடு மக்களுக்கு

என் தம்பியின் பாஸ்போர்ட்டுக்காக ஒரு ஏஜென்டிடம் மொத்தம் 7,200 ரூபாய் கொடுத்தோம். அதில் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1,500. மீதிப் பணம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் தம்பிக்குத் தெரியாமல் அவன் பெயரில் ஒரு பொய்ப் பத்திரம் தயார் செய்து, அதை அவன் கையாலேயே அதிகாரியிடம் நீட்ட வைத்துவிட்டார்கள். அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. எங்கள் பக்கத்திலேயே இன்னும் மூன்று குடும்பம் அதே கடையில் பணம் கட்டியிருக்கிறது. கட்டப் போகிறவர்களாவது இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் ஏற்காட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீடு நாகலூர் போகும் வழியில். தம்பி கேட்டரிங் படித்துவிட்டு இங்கே ஒரு ரிசார்ட் கிச்சனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். துபாயில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன், அவன் வேலை செய்யும் ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள், ஜூன் கடைசிக்குள் பாஸ்போர்ட் காப்பி அனுப்பு என்றான். அப்போது மார்ச் மாதம். நிறைய நாள் இருந்தது.

எங்கள் ஊரில் எதற்கும் நடுவில் ஒரு ஆள் இருப்பார். ரூம் போட, டாக்ஸி பிடிக்க, மிளகு விற்க, காபிக்கொட்டை விற்க, எல்லாவற்றுக்கும். அந்தப் பழக்கத்தில் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்றே நினைத்துவிட்டோம். சேலத்துக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. ரூம், டாக்ஸி, பான் கார்டு, பாஸ்போர்ட் என்று ஒரே போர்டில் எழுதியிருந்த அந்தக் கடைக்குப் போனோம்.

"அக்கா, நீங்க எதுக்கு அலையுறீங்க? ஆதாரையும் பத்தாவது மார்க் ஷீட்டையும் குடுத்துட்டுப் போங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்றார் அங்கே இருந்த ஏஜென்ட். தட்கல் கட்டணம் 3,500, சர்வீஸுக்கு 1,200. தட்கலுக்கு 3,500 ரூபாய் என்பது உண்மையான கட்டணம்தான். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500, தட்கல் என்றால் கூடுதலாக 2,000. தம்பி போனில் தேடிப் பார்த்தபோதும் அதே தொகை வந்தது, நம்பிவிட்டோம். 3,500-ஐ ஜிபேயில் அனுப்பினேன், 1,200-ஐக் கையில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "எல்லாம் ஆன்லைன்லயே வந்துரும்க்கா" என்று சொல்லிவிட்டார்.

எதுவும் வரவில்லை. ஒரு மெசேஜ்கூட வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நம் போன் நம்பர் இருந்தால் எல்லாத் தகவலும் நமக்குத்தான் வரும். அவர் தன் மெயிலில் லாகின் உண்டாக்கி, தன் நம்பரைப் போட்டிருந்தார். பாஸ்வேர்டும் அவரிடம்தான். அதாவது என் தம்பியின் விண்ணப்பம் என் தம்பியின் கையிலேயே இல்லை. எப்போது கேட்டாலும் "பிராசஸ்ல இருக்குக்கா" என்பார். நாங்களாகப் பார்த்துக்கொள்ள வழியே கிடையாது.

ஏப்ரலில் ஒரு நாள் கூப்பிட்டு, போலீஸ் விசாரணைக்கு 1,500 தனியாக வேண்டும், முன்கூட்டியே கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்றார். கொடுத்தேன். அதற்காக இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தேன். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணைக்கு நாம் தனியாக எந்தப் பணமும் கட்ட வேண்டியதில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் மே மாதம், கோடை விழா நடந்துகொண்டிருந்த வாரம். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணி, நாளைக் காலை பத்தேகாலுக்குச் சேலம் தபால் நிலையத்தில் இருக்கும் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் அப்பாயிண்ட்மென்ட் என்றார். விழா சமயத்தில் மலைப்பாதை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நேரம் போய்விட்டது, வேறு தேதி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அப்பாயிண்ட்மென்ட் தேதியை நம் வசதிப்படி தேர்ந்தெடுக்கலாம் என்பதை எங்களுக்குச் சொல்லாதவர் ஏஜென்ட். மறுதேதி எடுக்க இன்னும் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டவரும் அவர்தான். ஒரு தடவை கட்டிய கட்டணம் ஒரு வருடத்துக்குச் செல்லும். அதற்குள் மூன்று தடவை தேதி மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் காசே கிடையாது.

ஜூன் முதல் வாரம் மறுபடியும் போனோம். ஏஜென்ட் ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாப் பேப்பரையும் போட்டு, மேலே ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்திருந்தார். "பிரிக்காதீங்க, ஆர்டர் மாறிடும், அப்படியே குடுங்க" என்று சொல்லி அனுப்பினார். நாங்களும் பிரிக்கவில்லை.

கவுண்டரில் இருந்த அம்மா கவரைப் பிரித்து ஒவ்வொரு பேப்பராகப் பார்த்தார். நான் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் பேசுவது கேட்டது.

"கோரிமேட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"கோரிமேடு இல்லைங்க மேடம், ஏற்காடு."

அவர் ஒரு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார். "அப்போ இது என்ன? இதுல இருக்கிற கையெழுத்து யாருது?"

என் தம்பி சின்ன வயதிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுவான். ஆதாரிலும், பேங்க்கிலும், பத்தாவது ஹால் டிக்கெட்டிலும் தமிழ்தான். அந்தப் பத்திரத்தில் அவன் பெயரை யாரோ இங்கிலீஷில் சாய்த்து எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். சேலம் கோரிமேட்டில் நாங்கள் பார்த்தே இராத ஒரு வீட்டில் அவன் குடியிருப்பதாக அதில் எழுதியிருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. கை நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

அவன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். ஏஜென்டிடம் கொடுத்தது, கவரைப் பிரிக்காதே என்று சொன்னது, எல்லாம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பாஸ்போர்ட்டுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், நீ படித்த பையன், இதை இப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, உன் உண்மையான முகவரியோடு நீயே புதிதாக விண்ணப்பித்துவிட்டு வா என்றார். 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இதற்கு இரண்டு வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. விண்ணப்பத்தில் பெயர் யாருடையதோ, மாட்டிக்கொள்வதும் அவர்தான். ஏஜென்டின் பெயர் அந்தப் பேப்பர்களில் ஒரு இடத்தில்கூட இல்லை.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துதான் கவரில் இருந்த விண்ணப்ப பிரின்ட் அவுட்டை முதல் தடவையாக முழுசாகப் படித்தோம். விண்ணப்ப வகை: நார்மல். கட்டிய தொகை: 1,500. தட்கலே இல்லை. பத்தாவது பாஸ் செய்த பையனுக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத பிரிவில் வருகிறாரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். அது அப்படியே போயிருந்தால், வேலைக்காகத் துபாய் போகும்போது தனியாக அனுமதி வாங்க அலைந்திருக்க வேண்டும். முகவரி விஷயம் இன்னும் மோசம். போலீஸ் விசாரணை நாம் இப்போது குடியிருப்பதாக எழுதும் முகவரியில்தான் நடக்கும். பாஸ்போர்ட்டும் அங்கேதான் ஸ்பீடு போஸ்டில் போகும். அப்படிக் கோரிமேட்டுக்குப் போயிருந்தால் அதைத் திரும்ப வாங்க எவ்வளவு கேட்டிருப்பாரோ.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய்க் கேட்டேன். "ஏற்காடுன்னா லேட்டாகும்க்கா, டவுன் அட்ரஸ்னா சீக்கிரம் வரும், உங்க நல்லதுக்குத்தான் போட்டேன்" என்றார். கையெழுத்தைப் பற்றிக் கேட்டதும் ரூம் கேட்டு வந்த டூரிஸ்டுகளிடம் பேசப் போய்விட்டார். ஒரு ரூபாய்கூடத் திரும்பத் தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் உட்கார்ந்து நாங்களே விண்ணப்பித்தோம். முகவரி பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். 'கவ் டாட் இன்' என்று முடிவதுதான் அரசாங்கத் தளம். அதே மாதிரி பெயர் வைத்து, அதே மாதிரி நிறத்தில், கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. தம்பியின் சொந்த மெயில், சொந்த நம்பர். நேரம் பிடித்தது பெயர் எழுதும் இடத்தில்தான். அங்கே இனிஷியல் போடக் கூடாது, அப்பா பெயரை முழுசாக விரித்து எழுத வேண்டும். மற்றபடி ஒரு மணி நேர வேலை. 1,500 ரூபாய் கட்டி, மழை இல்லாத ஒரு நாளாகப் பார்த்துத் தேதி எடுத்தோம். ஒரிஜினல் ஆதார், ஒரிஜினல் மார்க் ஷீட், இரண்டுக்கும் ஜெராக்ஸ். போட்டோ அங்கேயே எடுத்துவிட்டார்கள். போன் இல்லாதவர்கள், நிரப்பத் தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், அங்கே சேவைக் கட்டணம் 100 ரூபாய்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டார்கள். தம்பி போனான், விசாரித்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டீக்குக்கூட யாரும் காசு கேட்கவில்லை. பாஸ்போர்ட் வந்த அன்று தபால்காரர் கடைக்கே வந்து தம்பியைக் கூப்பிடச் சொல்லி, ஆதாரைப் பார்த்துவிட்டு அவன் கையில் கொடுத்தார்.

ஆனால் அது வந்தது ஜூலையில். துபாய் ஹோட்டலில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்து எடுக்கும்போது சொல்வதாகச் சித்தப்பா மகன் சொல்லியிருக்கிறான். தம்பி அதே ரிசார்ட் கிச்சனுக்குத் திரும்பப் போகிறான். என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பாஸ்போர்ட்டை எடுத்து எடுத்துப் பார்க்கிறான்.

ஜிபேயில் அனுப்பிய 3,500-க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பொய்ப் பத்திரத்தைப் பற்றி ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஏற்கெனவே எங்கேயாவது பணம் கட்டியவர்கள், உங்கள் விண்ணப்பத்தில் யார் மெயில், யார் நம்பர், எந்த முகவரி இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வாங்கிப் பாருங்கள். கவரில் போட்டுக் கொடுத்தால் அங்கேயே பிரித்துப் பாருங்கள்.

நிரப்பத் தெரியவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தையல் கடைக்கு வாருங்கள், தம்பி இருந்தால் அவன், இல்லாவிட்டால் நான், கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம். காசு வேண்டாம். உங்கள் போனை மட்டும் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள், ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வர வேண்டும்.