புள்ளி வைத்து எழுதும் குவெரி: ஜேபிக்யூஎல்லா, லிங்க்கா, பழைய எஸ்க்யூஎல்லா?

சத்துவாச்சாரியில் எங்களுடையது சின்ன ஆபீஸ். ராணிப்பேட்டை டேனரி ஒன்றுக்கு லாட் கணக்கு எழுதிக் கொடுத்தோம்: எந்த லாட் வெட் புளூவில் (குரோமில் பதனிட்ட ஈரத் தோல் நிலை) நிற்கிறது, எது ஆம்பூருக்குப் போயிற்று என்று திரையில் தெரிய வேண்டும். ஜாவா என்பதால் ஜேபிக்யூஎல், அதாவது டேபிள்களுக்குப் பதில் ஜாவா ஆப்ஜெக்ட்களை வைத்து டேட்டாபேஸைக் கேட்கும் குவெரி மொழி.

அதில் எழுதுவது சுகம்தான். டேட்டாபேஸின் சொந்த மொழியான எஸ்க்யூஎல்லில் டேபிள்களை ஜாயின் செய்து, ஆன் போட்டு எழுதுவதை இங்கே 'லாட்.வாங்குபவர்.ஊர்' என்று புள்ளி வைத்துக்கொண்டே போய் முடித்துவிடலாம். அந்தப் புள்ளிதான் என்னைக் கவிழ்த்தது. பட்டியலை வாங்குபவர் பெயர்படி அடுக்கினேன். மறுநாளே அங்கிருந்து போன்: "சார், விக்காத லாட் எல்லாம் எங்க போச்சு?" புள்ளி வைத்தால் ஜேபிக்யூஎல் உள்ளுக்குள் போடுவது இன்னர் ஜாயின். வாங்குபவர் இல்லாத லாட் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். ஜோடி இல்லாத லாட்டையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயின் வேண்டுமென்றால் நாமே எழுதித்தான் ஆக வேண்டும்.

இதையே மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில், டேட்டாபேஸோடு பேசும் ஈஎஃப் கோர் லைப்ரரியோடு, நிரல் மொழிக்குள்ளேயே குவெரி எழுதும் லிங்க்கில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். வாங்குபவர் கட்டாயமில்லை என்று மாடலில் இருந்தால் அது லெஃப்ட் ஜாயினாகவே மாற்றும். எழுத்துப் பிழையும் கம்பைலரிலேயே சிக்கிவிடும். ஜேபிக்யூஎல் வெறும் ஸ்ட்ரிங் என்பதால் பெரும்பாலும் ஓடும்போதுதான் கத்தும். ஆனால் லிங்க்கும் சாது அல்ல. எஸ்க்யூஎல்லாக மாற்ற முடியாத வடிகட்டல் இருந்தால், முன்பு எல்லா வரிசையையும் இழுத்து மெமரியில் சலிக்கும். 2019இல் வந்த ஈஎஃப் கோர் 3.0 முதல் எர்ரர் கொடுத்து நின்றுவிடுகிறது. நல்ல காரியம்.

பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு லாட்டுக்கும் ஒன்று என்று 200 லாட்டுக்கு 201 குவெரி போகும் பழைய கதை ஜேபிக்யூஎல்லில் எனக்கும் நடந்தது. தொடர்புள்ளதையும் சேர்த்தே எடுத்துவரும் ஜாயின் ஃபெட்ச் போட்டதும் ஒன்றானது. ஆனால் ஒரு லாட்டுக்குப் பல வரி வரும் கலெக்ஷனை அப்படி ஃபெட்ச் செய்து, அதோடு பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டப் போனால், ஜேபிக்யூஎல்லை ஓட்டும் லைப்ரரியான ஹைபர்நேட் மொத்தத்தையும் மெமரிக்கு இழுத்துக்கொண்டுதான் பக்கம் பிரிக்கும். லாகில் ஒரு எச்சரிக்கை வரும், யார் பார்க்கிறார்கள்?

மாதக் கடைசி இருப்பு ரிப்போர்ட்டில் வரிக்கு வரி சேர்ந்துகொண்டே போகும் ஓடும் கூட்டல் வேண்டும், அதற்கு எஸ்க்யூஎல்லில் இருப்பது விண்டோ ஃபங்ஷன். ஜேபிக்யூஎல் தரத்தில் அது கிடையாது. ஹைபர்நேட் 6 தன் சொந்தக் குவெரி மொழியான எச்க்யூஎல்லில் சேர்த்திருக்கிறது. நான் எஸ்க்யூஎல்லிலேயே எழுதிவிட்டேன். பன்னிரண்டு வரி. டேனரி கணக்கர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுதான் சார் கொஞ்சம் புரியுது" என்றார்.

அடுத்த வேலையும் ஜாவாதான். திரைகளுக்கு ஜேபிக்யூஎல்லே போதும், ஆனால் அது அனுப்பும் எஸ்க்யூஎல்லை லாகில் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதப்போகிறேன்.