கடலோர வீட்டுல டார்க் கிரே பவுடர் கோட்டிங்: சில வருஷம் கழிச்சு நிலவரம்

வீடு திருவான்மியூர்ல, பீச்சுக்கு பக்கத்து தெரு. கொரோனாவுக்கு முந்தி மெயின் கேட்டு, பால்கனி ரெய்லிங், மாடிப்படி கைப்பிடி மூணுக்கும் பழைய இனாமல் பெயிண்ட்ட எடுத்துட்டு பவுடர் கோட்டிங் பண்ணோம், அதாவது காஞ்ச கலர் பவுடர இரும்பு மேல அடிச்சு ஓவன்ல உருக்கி ஒட்ட வெக்கறது. டார்க்கா வேணும், ஆனா பளிச்சுனு கருப்பா வேணாம், இதான் வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம். கடைசியா ஃபிக்ஸ் ஆனது ரால் 7021 (ரால்னா கலருக்கு நம்பர் குடுக்கற ஒரு ஷேடு லிஸ்ட்), ஃபைன் டெக்ஸ்ச்சர், அதாவது தொட்டா லேசா சொரசொரன்னு இருக்கற பினிஷ். கருப்புக்கு ஒரு படி கம்மியான கிரே, நிழல்ல பாத்தா கருப்புன்னே சொல்லுவீங்க.

இப்போ புது வீடு எல்லாத்துலயும் ஓடுற ஷேடு 7016, ஆந்த்ரசைட். நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல லேசா ஒரு நீலம் இருக்கு, கடைல டியூப்லைட் கீழ அது தெரியாது, வெயில்ல கொண்டு வந்தா தெரியும். எங்க சுவர் சந்தனக் கலர், அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தப்போ அந்த நீலம் இன்னும் தூக்கலா தெரிஞ்சுது, அதான் விட்டோம். பிரவுன் பக்கம் சாயணும்னா 8019 இருக்கு, தேக்கு கதவு இருக்கற வீட்டுக்கு அது சூப்பரா செட் ஆகும். ஷேடு கார்டுல இருக்கற சின்னத் துண்ட நம்பாதீங்க, அது பேப்பர்ல அடிச்ச கலரு. உள்ளங்கை சைஸ் தகட்டுல நெஜ பவுடர் அடிச்சு சாம்பிள் கேளுங்க, காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, சுவர் மேல சாய்ச்சு வெச்சுப் பாருங்க.

ஆனா இத்தன வருஷம் பாத்ததுல சொல்றேன், நம்பர் கூட ரெண்டாவதுதான், சென்னைல பினிஷ்தான் எல்லாம். அண்ணா நகர்ல தம்பி வீட்டு கேட்டு 9005, ஜெட் பிளாக், பளபளன்னு இருக்கற கிளாஸ் பினிஷ். போட்ட அன்னிக்கு கார் மாதிரி மின்னுச்சு, ஒரே வாரத்துல தூசியும் விரல் ரேகையும் தனித்தனியா எண்ணலாம்ங்கற அளவுக்கு ஆச்சு. எதிர் வீட்ல வழுவழு மேட், அதாவது பளபளப்பு இல்லாத பினிஷ். அதுல என்ன பிரச்சனைன்னா, கறை போகலயேன்னு ஒரே இடத்துல அழுத்தித் தேய்ச்சா அந்த இடம் மட்டும் பாலிஷ் ஏறி மினுங்க ஆரம்பிச்சுடும், அப்புறம் அத மேட்டாக்க வழியே இல்ல. டெக்ஸ்ச்சர்ல கீறல் தெரியாது, வெல்டிங்க கிரைண்ட் பண்ண மேடு பள்ளம் தெரியாது, தூசி இருக்கும் ஆனா கண்ணுல படாது. அதுலயும் ஒரு தொல்லை இருக்கு, துணி வெச்சு தொடச்சா அந்த சொரசொரப்புல நூல் மாட்டிக்கும், கேட்டுக்கு நரை விழுந்த மாதிரி ஆயிடும். அதனால துணிய விட்டுட்டு நாலு இன்ச் பெயிண்ட் பிரஷ் புதுசா ஒண்ணு வாங்கி சோப்புத் தண்ணில முக்கி தேய்க்கறோம். ஆயுத பூஜைக்கு வெக்கற சந்தனமும் அந்தக் குழிக்குள்ளதான் போய் உக்காரும், அதுக்கும் இதே பிரஷ்தான்.

டார்க் கலருக்கு இங்க பெரிய எதிரி தூசின்னு நெனப்போம், இல்ல, போர் தண்ணி. கழுவி அப்படியே காய விட்டா ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வட்டம். சில வீட்ல ஆர்ஓ மெஷின் வெளிய தள்ற தண்ணிய வீணாக்க வேணாம்னு அதுல கேட்டு கழுவுறாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா உப்பு மொத்தமும் அதுலதான் சேந்து வருது, கறை இன்னும் திக்கா வரும். போர் தண்ணில கழுவுங்க பரவால்ல, கடைசியா ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணி ஊத்தி விட்டுடுங்க. ஏற்கனவே படிஞ்ச கறைக்கு வினிகர்ல நெறைய தண்ணி கலந்து, மறைவான ஒரு மூலைல டெஸ்ட் பண்ணிட்டு, தேய்ச்ச கையோட கழுவிடணும். தின்னர், பாத்ரூம் ஆசிட், பாத்திரம் தேய்க்கற கம்பி நார், இது மூணும் கிட்டயே வரக்கூடாது. பக்கத்துல கட்டட வேலை நடந்தா சிமெண்ட் தெறிக்கும், ஈரத்தோடயே கழுவிடுங்க, காஞ்சா கோட்டிங்க அரிச்சுடும்.

வெயில் விஷயத்துக்கு பவுடர் எந்த வகைன்னு பாக்கணும். வெளிய இருக்கற ஐட்டத்துக்கு ப்யூர் பாலியஸ்டர்தான். எபாக்சி கலந்தது வீட்டுக்குள்ள ஓகே, வெயில் பட்டா மாவு பூத்துடும், விரல வெச்சு தேய்ச்சா கைல சாம்பலா ஒட்டும், கலர் டார்க்கா இருக்க இருக்க அது பளிச்சுனு தெரியும். இன்னும் கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா வெயில இன்னும் நல்லா தாங்கற சூப்பர் டூரபிள் வகைன்னு கேளுங்க. குவாலிகோட்னு அலுமினியத்துக்கு ஒரு தரச்சான்று இருக்கு, அதுல கிளாஸ் 1 பவுடர ஃபுளோரிடா வெயில்ல 1 வருஷம் வெச்சு பாப்பாங்க, கிளாஸ் 2ன்னா 3 வருஷம். நம்மளது இரும்புதான், இருந்தாலும் பவுடர் எந்த கிளாஸ்னு கேட்டா கடைக்காரர் கொஞ்சம் நிமிந்து உக்காருவார். சித்திரை வெயில்ல டார்க் கேட்டுல மத்தியானம் கை வெக்க முடியாது, இதுக்கு எந்த பவுடரும் ஒண்ணும் பண்ணாது, நாங்க கேட்டு கைப்பிடிக்கு மட்டும் மரம் போட்டுட்டோம்.

இப்போ கேட்டும் ரெய்லிங்கும். கேட்டு அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறைல பண்ணது, பிளாஸ்டிங் அடிச்சு (பொடித் துகள வேகமா பீச்சி இரும்ப சுத்தம் பண்றது), துருவத் தடுக்கற ஜிங்க் பிரைமர் கொடுத்து, அது மேல பவுடர். இன்னிக்கு வரைக்கும் துரு இல்ல. ரெய்லிங் வேற இடம், ஆசிட் டேங்க்ல முக்கி எடுத்து நேரா பவுடர். கலர் ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. மூணாவது மழைக்காலம் முடிஞ்சப்போ ரெய்லிங் அடில ஃபிளாட்டும் சதுர பைப்பும் சேர்ற மூலைல முடி மாதிரி ஒரு பிரவுன் கோடு. நகத்தால நெம்பினா கோட்டிங் அப்பளமா பொரிஞ்சு வந்துடுச்சு, உள்ள முழுக்க துரு. காரணம் ரெண்டு. பவுடர் கரண்ட் சார்ஜ்ல ஒட்டறது, உள்மூலைக்குள்ள சரியா போகாது, ஓவன்ல உருகும்போது கூரான விளிம்புலேர்ந்தும் விலகி மெலிசாயிடும். கோட்டிங் தடிமன் அளக்கற மீட்டர் நடுவுல 80 மைக்ரான் காட்டினா மூலைல பாதி கூட காட்டாது. இன்னொண்ணு, பைப்புக்கு அடில தண்ணி வடிய ஓட்டை போடல, உப்புக் காத்தும் மழைத் தண்ணியும் உள்ளயே தங்கி உள்ளேர்ந்து தின்னுருக்கு. போய் கேட்டதுக்கு 'பீச் பக்கம்னா அப்படித்தான் சார் இருக்கும்'னு பதில். அதே பீச் காத்துலதான் கேட்டும் நிக்குது!

குடுக்கறதுக்கு முன்னாடி வெல்டிங், டிரில்லிங் எல்லாத்தையும் முடிச்சுடுங்க, விளிம்ப கொஞ்சம் மழுக்கச் சொல்லுங்க. ஃபிட்டிங் அன்னிக்கு 'ஒரே ஒரு டேக் வெல்டு சார்'னு, சின்னதா ஒரு பொட்டு வெல்டிங் வெக்க வருவாங்க, விடாதீங்க, அந்த சூட்டுல கோட்டிங் கருகிடும், போல்ட்ல மாட்டற மாதிரி பிளான் பண்ணிக்கோங்க. போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 316 கிரேடு போடுங்க, கடல் பக்கத்துக்கு 304 தாங்காது, டீக்கறை மாதிரி பழுப்பு ஒழுகி டார்க் கிரே மேல கோடு போடும். கீறல் விழுந்து இரும்பு தெரிஞ்சா அன்னிக்கே அதே ரால் நம்பர்ல டச்சப் பெயிண்ட்ட குச்சில தொட்டு வெச்சுடுங்க, ஸ்ப்ரே பண்ணா சுத்தி திட்டா தெரியும்.

ரெய்லிங்க இந்த ஐப்பசி மழைக்கு முன்னாடி கழட்டி கேட்டு பண்ண இடத்துக்கே அனுப்பறோம். நம்பர் அதே 7021, டெக்ஸ்ச்சரும் அதே. அவங்க ஓவனுக்கு நீளம் பத்தாது, அதனால ரெண்டு பீஸா வெட்டி நடுவுல ஃபிளேஞ்ச் (ரெண்டு முனையிலயும் வெக்கற இணைப்புத் தகடு) வெச்சு போல்ட் போடச் சொல்லிருக்கோம், அடில வடிகால் ஓட்டையும் அவங்களே போட்டுத் தர்றதா சொன்னாங்க.